இன்னும் சின்னதாக ஒன்று

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ சிட்னியிலிருந்து பேசிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி பாதியில் நின்றுபோனதே, லைனில் ஏதோ பழுது என்று நினைத்திருப்பாய். பழுது ஒன்றும் இல்லை. நான்தான் வைத்தேன். நீ திரும்பக் கூப்பிட்டபோது மணி அடித்து ஓயும்வரை பக்கத்திலேயே நின்றேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் கத்தியிருப்பேன், நீயும் கத்தியிருப்பாய், கடைசியில் நான் அழுதிருப்பேன். நான் அழுதால் நீ "சரி சரி, அழாதேங்கோ" என்று சொல்லி எல்லாவற்றையும் முடித்துவிடுவாய். அந்த வசதியை இந்த முறை உனக்குத் தருவதாக இல்லை. அதனால் எழுதுகிறேன். நடுவில் மடித்து வைத்துவிடாதே, கடைசிவரை வாசி. உனக்கு அவசரமாகத் தெரியவேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நீ கேட்டே ஆகவேண்டியவை நிறைய இருக்கின்றன.

அன்றைக்கு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் காதால் நீயே கேட்டுப் பார். "அம்மா, என்ர அலுமாரியில மேல் தட்டில துவாயில சுத்தின பார்சல் ஒண்டு இருக்கு. சனிக்கிழமை கெவின் வருவான், அவனிட்டக் குடுத்துவிடுங்கோ. அதை மாத்திப்போட்டு இன்னும் சின்னதா ஒண்டு எடுக்கப்போறன். இஞ்ச சரியான வெக்கை, கோட் போட ஏலாது, கோட் இல்லாட்டி அது வெளியில தெரியும்." சப்பாத்து அளவு சரியில்லை, கடையில் மாற்ற வேண்டும் என்பதுபோலச் சொன்னாய். பார்சலுக்குள் இருப்பது துவக்கு, ஆளைச் சுடுகிற துவக்கு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். புது வேலைக்குச் சிட்னிக்குப் போகுமுன் அதை ஒழித்துவிடுவேன் என்று சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று எனக்குச் சொன்னவன் நீ. இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகுதான் "அப்பா எப்பிடி?" என்று கேட்டாய். அந்த இடத்தில்தான் வைத்தேன்.

உன்னை அடித்தவர்களை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. உனக்கு அவர்கள்மேல் இருக்கிற கோபத்தைவிட எனக்கு இருப்பது அதிகம். பட்டப்பகலில், சனிக்கிழமை மத்தியானம், வேலை செய்கிற கடையைப் பூட்டி அன்றைய வசூலை வங்கியின் பெட்டியில் போடக் கொண்டுபோன பிள்ளையை, பின் ஒழுங்கையில் மறித்து, நிறத்தைச் சொல்லி ஏசி, பையையும் பறித்துக்கொண்டு, பறித்த பிறகும் நிலத்தில் போட்டு உதைத்தவர்கள் அவர்கள். உன் தாடையைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். இருபத்திமூன்று வயதுப் பிள்ளைக்கு நான் கஞ்சியை வடித்து உறிஞ்சுகுழலால் கொடுத்தேன். பொலிஸ்காரன் வந்து அவர்களின் தலைமயிர் என்ன நிறம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனான், பிறகு ஒரு சத்தமும் இல்லை. பல மாதம் ட்ராமில் ஏறுகிற ஒவ்வொரு பொடியனின் சப்பாத்தையும் நான் பார்த்தேன், இவனா உதைத்தவன் என்று. அவர்கள் கையில் கிடைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆகவே "உங்களுக்கு விளங்காது அம்மா" என்ற வார்த்தையை இனி என்னிடம் சொல்லாதே. எனக்கு நன்றாக விளங்கும்.

அப்பா அப்போது என்ன செய்தார் என்பதை நினைவுபடுத்துகிறேன். நீ திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கியதும், ஒவ்வொரு சனிக்கிழமையும் தன்னுடைய லீவு நாளில், காலையில் சவரம் செய்து, கழுத்தில் ரை கட்டி, நம் வீட்டுக்குப் பக்கத்துக் கிளேட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறி வந்து உன் கடையின் பின் வாசலில் நின்றார். அவருடைய உடம்பு உனக்குத் தெரியும். இரண்டு பேர் வந்தால் அவரால் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. ஆனாலும் வந்தார். உன்னோடு வங்கிவரை நடந்தார், பெட்டிக்குள் பை விழும் சத்தம் கேட்டதும் "சரி, நான் போயிட்டு வாறன்" என்று சொல்லித் திரும்பினார். சில வாரங்கள் பொறுத்தாய். பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், "கடையில எல்லாரும் சிரிக்கிறாங்கள் அப்பா, இனி வரவேண்டாம்" என்றாய். அவர் "ஓம், ஓம்" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தார். அடுத்த சனிக்கிழமை சவரம் செய்துவிட்டு வீட்டிலேயே இருந்தார்.

அப்பா நின்ற அந்த இடத்துக்குத்தான் நீ வேறொன்றைத் தேடத் தொடங்கினாய். உன் கடையில் சாமான் கட்டுகிற அறையில் வேலை செய்கிற கெவின், ஒரு பை நிறையச் சஞ்சிகைகளோடு நம் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டப் படம் பார்த்தீர்கள். நான் தேத்தண்ணியும் பற்றிஸும் கொண்டுவந்தபோது சஞ்சிகையைக் கவிழ்த்தாய். "என்ன தம்பி பாக்கிறீங்கள்?" என்று கேட்டேன். "கமரா அம்மா" என்றாய். அடிபட்ட பிறகு ஒன்றிலும் மனம் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை ஒரு பொருளில் ஆசைப்படுகிறான் என்று எனக்கு வயிறு குளிர்ந்தது. "பெரிசா ஒண்டு வாங்கு, படம் வடிவா விழும்" என்றேன். நீ அதைக் கெவினுக்கு ஆங்கிலத்தில் சொன்னாய். அவன் கதிரையில் சாய்ந்து சிரித்தான், நீயும் சிரித்தாய். நான் என் இங்கிலீசைப் பார்த்துச் சிரிக்கிறான் போலும் என்று நினைத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.

குசினிக்குள் இருந்து எனக்கு எல்லாம் கேட்டது, எதைப் பற்றிய பேச்சு என்று அப்போது தெரியவில்லை. ஒன்று சின்னதுதான், ஆனால் நடுவில் வயிறு வைத்திருக்கிறது, காற்சட்டையில் புடைத்துக்கொண்டு நிற்கும் என்றான் கெவின். இன்னொன்று தட்டை, பொக்கற்றில் பேர்ஸ் வைத்த மாதிரி இருக்கும், ஆரும் இரண்டாம் தரம் பார்க்கமாட்டார்கள் என்றான். நீ கேட்டாய், குனிந்தால் தெரியுமா? கோட்டைக் கழற்றினால்? ரயிலில் பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டுப்படுமா? பாரம் எவ்வளவு, நடக்கும்போது ஒரு பக்கம் இழுக்குமா? ஒரு முழுப் பின்னேரம் இதுதான் பேச்சு. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கிற பெண்கள்கூட இவ்வளவு பார்த்திருக்கமாட்டார்கள். இத்தனை கேள்வி கேட்ட நீ, ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. நாளைக்கு ஒருவன் பின்னால் வந்து உன்மேல் கை வைத்தால், அவன் யார் என்று பார்க்க உனக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? அதைக் கெவினும் சொல்லவில்லை, அந்தச் சஞ்சிகையும் சொல்லியிராது. விற்கிறவன் அதையெல்லாம் எழுதுவானா?

அடுத்த கிழமை உன் சாம்பல் நிறக் கோட்டையும் இரண்டு காற்சட்டைகளையும் கொண்டுவந்து என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தாய். "வலப்பக்கப் பொக்கற்றுக்குத் தடிச்ச துணி உள்ளுக்குப் போட்டுத் தாங்கோ அம்மா, கமரா வைக்க." நான் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கோட்டுத் தைத்துவிட்டு வந்து, கை வலிக்க வலிக்க, உனக்காக இரட்டைத் தையல் போட்டேன். உள்ளே கன்வஸ் வைத்தேன், கிழியாமல், தொங்காமல், வெளியில் தெரியாமல். நீ கண்ணாடிக்கு முன்னால் நின்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து "பெர்ஃபெக்ட்" என்றாய், என் நெற்றியில் முத்தம் வைத்தாய். இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் உடம்பு பற்றி எரிகிறது. துவக்கு வாங்கினாய், அது உன் முட்டாள்தனம். ஆரோ ஒருவனின் கார் டிக்கியில் இருந்து லைசென்ஸ் இல்லாமல் வாங்கினாய், அது குற்றம். ஆனால் அதை ஒளிக்கிற பையை என் கையால் தைக்கவைத்தாயே, அதற்கு நான் என்ன பெயர் வைக்க?

பிறகு அந்த மழை நாள். அப்பா வேலை முடிந்து கிளேட்டனில் இறங்கினார். நீயும் அதே ரயிலில் வேறு பெட்டியில் வந்திருக்கிறாய். மழைக்குக் கோட்டுக் கொலரைத் தூக்கிக்கொண்டு நீ முன்னால் போவதைக் கண்டு, பிள்ளை நனைகிறானே என்று குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். கூப்பிட்டும் இருக்கிறார். ரயில் கடவையின் மணிச்சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. தோளில் கை வைத்தார். நீ திரும்பினாய்.

இதை எனக்குச் சொன்னதே நீதான். அன்றிரவு மேசையில், பகிடிக் கதை சொல்வதுபோலச் சொன்னாய். "அப்பா சத்தமில்லாமல் பின்னால வந்திட்டார் அம்மா, நான் எடுத்து நீட்டிப்போட்டன். அவற்ற முகத்தைப் பாத்திருக்கோணும். ரண்டு கையும் மேல போயிட்டுது, படத்தில வாற மாதிரி. குடை ரோட்டில உருண்டு போகுது." எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னத்தை நீட்டினனீ?" என்று கேட்டேன். அப்போதுதான் கோட்டுக்குள் இருந்து அதை எடுத்து, சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாய். என் முகம் மாறியதைக் கண்டு, "அதுக்குள்ள ஒண்டும் இல்லை அம்மா. வெறுஞ் சாமான். வெருட்டத்தான்" என்றாய். அப்பா சிரித்தார். "நான் நல்லாப் பயந்துபோனன் இஞ்சாரும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. பெற்ற பிள்ளைக்கு முன்னால் நடு வீதியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்ற மனிசன், அந்தப் பிள்ளை வெட்கப்படக் கூடாதே என்பதற்காகச் சிரித்தார். நீ அந்தச் சிரிப்பை நம்பினாய். நம்புவது உனக்குச் சுகமாக இருந்தது.

அதற்குப் பிறகு நம் வீட்டில் என்ன நடந்தது என்று நீ கவனித்தாயா? அப்பா வேலையால் வரும்போது கேற்றடியிலேயே "நான்தான், அப்பா வாறன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு வரத் தொடங்கினார். உன் அறையைத் தாண்டிக் குளியலறைக்குப் போகுமுன் செருமினார். தான் கடன் கட்டுகிற வீட்டுக்குள், தன் மகனுக்கு அறிவித்துவிட்டு நடமாடினார். நான் ஒரு நாள் பொறுக்காமல் உன் அறைக்கு வந்து, அதைக் கொண்டுபோய்க் கடலில் போடு என்று சொன்னேன். நீ கத்தினாய். "அவங்கள் என்னை நிலத்தில போட்டு உதைக்கேக்க ஆர் வந்தது? நீங்கள் வந்தனீங்களே? அப்பா வந்தவரே?" அப்பா பக்கத்து அறையில் இருந்தார். ரேடியோ போட்டிருந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். அன்றைக்குத்தான் நீ சுவாமிப் படத்தைக் காட்டி எனக்கு வாக்குத் தந்தாய். கேட்டுச் சலித்துப்போய், என் வாயை மூடத் தந்த வாக்கு என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

நீ பயந்துபோனாய், தம்பி. அதில் ஒரு குற்றமும் இல்லை. அப்படி அடிபட்ட எவனும் பயப்படுவான். ஆனால் பயத்தை எங்களிடம் சொல்லாமல், அதைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு திரிந்தாய். ஒளித்து வைப்பதற்குச் சின்னது வேண்டும், தட்டை வேண்டும், தெரியாமல் இருக்கவேண்டும் என்கிறாயே, ஆருக்கு ஒளிக்கிறாய்? உன்னை அடித்தவர்கள் திரும்பி வரவே இல்லை. அவர்களுக்கு நீ எதையும் ஒளிக்கவில்லை. என்னிடம் ஒளித்தாய். அப்பாவிடம் ஒளித்தாய். ரயிலில் உனக்குப் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒளித்தாய். இனி சிட்னியில் இன்னும் சின்னதாக எடுத்து ஆரிடம் ஒளிக்கப்போகிறாய்? நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம் பேசினால், அந்தப் பிள்ளையிடமா?

இனி அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போகவில்லை. உன் அலுமாரியைத் திறந்து அந்தத் துவாய்ப் பார்சலை எடுத்தேன். அதை எப்படித் தொடுவது என்று எனக்குத் தெரியாது. இடியப்பம் அவிக்கிற பெரிய சட்டிக்குள் துவாயோடு இறக்கி மூடியைப் போட்டேன். அப்பா லீவு எடுத்தார். நான் மடியில் சட்டியை வைத்துக்கொண்டிருக்க, அவர் காரை நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹோர்ன் அடித்தார்கள். பொலிஸ் நிலையத்தில் மீசை நரைத்த ஒரு சார்ஜன்ட் இருந்தார். சட்டியைக் கண்டுவிட்டு, மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தீர்களா என்று பகிடியாகக் கேட்டார். நான் மூடியைத் திறந்தேன். பிறகு அவர் பகிடி விடவில்லை.

அவர் துவாயை விரித்து, அதைக் கையில் எடுத்து, பிடிக்குள் இருந்து ஒரு தட்டைப் பெட்டியை உருவினார். அதற்குள் தோட்டாக்கள் வரிசையாக இருந்தன. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் மேல் பாகத்தைப் பின்னால் இழுத்தார். உள்ளே இருந்து இன்னும் ஒன்று துள்ளி மேசையில் விழுந்து, உருண்டு நிலத்துக்குப் போய், அப்பாவின் சப்பாத்தில் முட்டி நின்றது. "இது சுடத் தயாராகவே இருந்திருக்கிறது" என்றார் சார்ஜன்ட். "மலிவுச் சாமான். கீழே விழுந்தாலே வெடித்திருக்கும். இதைச் சட்டியில் போட்டா மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து அந்தத் தோட்டாவை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக மேசையில் வைத்தார். வெறுஞ் சாமான் என்று நீ சொன்னாயே, அது.

இது ஆருடையது என்று சார்ஜன்ட் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அப்பா "என்னுடையது" என்றார். முப்பது வருடம் கந்தோரில் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிசன், பொலிசுக்கு முன்னால் நின்று பொய் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்: "போதும். அவனுக்கு முன்னால கையைத் தூக்கினது போதும், அவனுக்காகவும் தூக்கவேண்டாம்." பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீசில், அது என் மகனுடையது என்றேன். உன் முழுப் பெயரையும் சொன்னேன். சிட்னி விலாசத்தையும் சொன்னேன். அவர் எழுத எழுத, எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

ஓம், தம்பி. நான்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன். நீ என்னை எவ்வளவு வேண்டுமென்றாலும் ஏசலாம். சிட்னிப் பொலிசுக்கு அறிவிப்பார்கள், உன்னிடம் வருவார்கள். அவர்கள் கதவைத் தட்டுமுன் நீயே போய், நடந்ததை மறைக்காமல், விற்றவன் ஆர் என்பதையும் சொன்னால் நல்லது என்றார் அந்தச் சார்ஜன்ட். நிச்சயம் ஒன்றும் தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த உடனே போ. கெவினிடம் கேட்டுவிட்டுப் போகாதே. கெவின் சனிக்கிழமை வந்தால் கேற்றடியிலேயே வைத்து நான் பேசி அனுப்புவேன். என் இங்கிலீசுக்கு அவன் இந்த முறை சிரிக்கமாட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "அவன்ர வேலை போயிடுமே" என்றார். போகட்டும் என்றேன். வேலை திரும்பக் கிடைக்கும். பிறகு பின்னேரம், தேத்தண்ணி குடிக்கும்போது, தானாகவே சொன்னார்: "அண்டைக்கு அதுக்குள்ள ஒண்டும் இருந்திருக்காது இஞ்சாரும். பிறகுதான் போட்டிருப்பான்." நேற்றும் சொன்னார், இன்று காலையிலும் சொன்னார். அவருக்கு அது உண்மையாக இருக்கவேண்டும். அன்று மழையில், அவர் உன் தோளில் கை வைத்தபோது, அது வெறுமையாக இருந்ததா, இல்லையா? அதை எனக்குச் சொல்லவேண்டாம். நான் எதையும் நம்புகிற நிலையில் இல்லை. அவருக்குச் சொல்லு. பொய் சொல்லி ஆறுதல்படுத்தாதே, அவர் கண்டுபிடித்துவிடுவார், பிறகும் நம்பியதுபோலவே நடிப்பார். அதை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது.

தொலைபேசியில் கூப்பிடாதே. பொலிசோ கோர்ட்டோ என்ன சொன்னாலும், அது முடிந்த அடுத்த நாள் ரயில் ஏறி நேரில் வா. இவ்வளவு பக்கம் எழுதியும் என் கோபத்தில் பாதிகூட முடியவில்லை. மிச்சத்தைத் தபாலில் அனுப்ப முடியாது. வந்து வாங்கிக்கொண்டு போ.

அம்மா